மேடையேறும் தகுதி

நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்று கொள்வோர் பலர். அதே தீவை மகாவம்சத்தின் நாகதீபத்தோடு இணைத்துப் பேசும் மரபும் உண்டு. 1936இல் கிடைத்த வல்லிபுரப் பொன்னேடு, நாகதீபம் என்ற பெயர் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் குறித்திருக்கலாம் என்ற கருத்துக்கு வலுவூட்டியது. இடம் பற்றிய ஆராய்ச்சி எவ்வாறாயினும், இரு நூல்களும் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றே. ஓர் ஆசனத்துக்காக நாக மன்னர் இருவர் போருக்கு எழுகின்றனர். புத்தர் தோன்றிப் பிணக்கைத் தீர்க்கின்றார். ஆசனத்தில் அமரும் உரிமை யாருக்கு என்பதே வழக்கு.

தமிழரின் விவாத மேடைக்குள்ள வரலாறும் இவ்வழக்கின் வரலாறுதான். மேடையில் எவ்வாறு பேசுவது என்பதற்கு நம் முன்னோர் வெளிப்படையாக விதி செய்தனர். யார் பேசலாம் என்ற விதியையோ பெரும்பாலும் எழுதாமல் விட்டனர். எழுதாத காரணத்தால் அவ்விதி இல்லாமற் போய்விடவில்லை. எழுதப்பட்ட விதிகளைக் காட்டிலும் இறுக்கமாக அது நடைமுறையில் இருந்தது. கல்லூரிகளிலும் பாடசாலைகளிலும் விவாதப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும்.

மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன் இந்திர விழாவை நகருக்கு அறிவிக்கின்றான். சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறவேண்டும் என்கிறான். பகைவரேயானாலும் அவரோடு சினமும் கலகமும் கொள்ளாது விலகிப் போகவேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றான். முறையறிந்து ஏறுதல், சினந் தவிர்த்தல் என்னும் இரண்டிலும் நடத்தை விதியின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காப்பியத்தின் 29ஆம் காதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிழைபட்ட வாதங்களை அறவண அடிகள் வாயிலாக அது வகைப்படுத்துகிறது: மேற்கோளிற் பிழை 9, காரணத்திற் பிழை 14, எடுத்துக்காட்டிற் பிழை 10. விவாத நடுவரின் கையில் இன்று கொடுத்தாலும் பயன்படக்கூடிய பட்டியல் இது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே காப்பியத்தில், அதே மணிபல்லவத்தில், மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைக் கொடுக்கிறது. தெய்வம் கூறும் காரணம் நம் சிந்தனைக்குரியது. அவள் இளம்பெண், வளையணிந்தவள், ஆகையால் சமயவாதிகள் எவரும் தம் கொள்கையின் உட்பொருளை அவளுக்கு உரைக்கமாட்டார்கள். எனவே வஞ்சி நகரில் அவள் மாதவன் வடிவங்கொண்டு அளவைவாதி முதலானோரின் கொள்கைகளைக் கேட்கின்றாள். கண்ணாற் காண்பதையன்றி வேறெதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகின்றாள். வாதத்திறமை அவளுக்கு உண்டு. மேடையேறும் தகுதிதான் இல்லை. அத்தகுதியை ஆணுருவம் கொடுத்தது. முரசறைவோன் அறிவித்த விதிகளில் பெண்ணுக்கு இடமில்லை என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும் பெண் உருமாற வேண்டியிருந்தது. எழுதப்படாத விதி என்று நாம் குறிப்பிட்டது இதனையே.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1823ஆம் ஆண்டில் இரு நிறுவனங்கள் தோன்றின. ஒன்று இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் மாணவர் விவாத சங்கம். மற்றது தீவுகளுக்கு எதிரே, வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர் தொடங்கிய செமினரி. முதலாவது, ஆளும் வர்க்கத்துப் பிள்ளைகள் பாராளுமன்றத்துக்குப் பயிலும் களமாக விளங்கியது. அங்கே பெண்கள் முழு உறுப்பினராக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகரிகத்தின் உச்சியென்று நமக்குக் காட்டப்பட்ட அம்மேடையும் நூற்று நாற்பது ஆண்டுகள் மணிமேகலையை வாசலில் நிறுத்தி வைத்த மேடைதான்.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்படும்வரை கணிதம், வானியல், தர்க்கம் ஆகியவற்றை உயர்ந்த நிலையிற் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்கள். 1829ஆம் ஆண்டின் சந்திரகிரகணம் பற்றி அராலிப் பஞ்சாங்ககாரரின் கணிப்புக்கும் பூர் ஐயரின் கணிப்புக்குமிடையே எழுந்த விவாதம் யாழ்ப்பாணத்திற் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தீர்ப்பைக் கிரகணமே வழங்கியது. குலமும் குருத்துவமும் செல்லாத ஒரு நடுவரை, அதாவது சான்றை, யாழ்ப்பாணத்து மாணவர் பலர் முன்னிலையில் கண்ட நிகழ்ச்சி அது. ஆயினும் அம்மாணவர் யாவர்? 1824இல் உடுவிலிற் பெண்களுக்கெனத் தனி விடுதிப் பாடசாலை எழுந்தது. செமினரி ஆண்களுக்கே உரியதாயிருந்தது. சாதி விஷயத்திலும் உயர்குலத்துப் பெற்றோர் மனங்கோணாதிருக்க மிஷனரிமார் பல விட்டுக்கொடுப்புகளைச் செய்தனர். வானத்தை அளக்கக் கற்றவர்கள் தம் வாசற்படியை அளக்கவில்லை.

செமினரிக்கு வெளியே சைவருக்கும் கிறிஸ்தவருக்குமிடையே வாதப்போர் மூண்டது. 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. 1847இன் இறுதி நாளில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். கண்டனங்களும் கண்டனங்களுக்குக் கண்டனங்களும் அச்சேறின. தமிழ் உரைநடை இதனால் வளம்பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காலத்துத் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றில் வாதத்தைவிட வசையே மிகுந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. நேரம் இல்லை, தலைவர் இல்லை, நடுவர் இல்லை. ஆகவே உரத்த குரல் வென்றது.

இதற்கு மாறான ஒரு காட்சியைத் தென்னிலங்கையிற் காண்கின்றோம். 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26, 28ஆம் நாட்களில் பாணந்துறையில் பௌத்தரும் கிறிஸ்தவரும் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் வாதம் புரிந்தனர். பௌத்தர் சார்பில் மொகொட்டிவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவர் சார்பில் டேவிட் டி சில்வா பாதிரியாரும் முதன்மையாகப் பேசினர். பேசும் நேரமும் முறையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. அதிகாரத்தின் நிழலில் நின்ற சமயமும் அதிகாரமற்ற சமயமும் ஒரே அளவான நேரத்தைப் பெற்று ஒரே மேடையில் நின்றன. குடியேற்ற நாட்டு வாழ்வில் அது சிறிய செய்தியன்று. அவ்விவாதத்தின் அறிக்கை கடல்கடந்து சென்று, 1880இல் ஒல்கொட் இலங்கைக்கு வருவதற்கும் ஒரு காரணமாயிற்று. நடத்தை விதி வலியவனுக்குக் கடிவாளமாகிறது. அதனாலேயே எளியவனுக்குக் குரல் கிடைக்கிறது. விதியை வெறும் மரியாதைச் சடங்காக எண்ணுவோர் பாணந்துறையை நினைத்துப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மாணவர் மேடை புதிய பரிமாணம் பெற்றது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அந்த இயக்கம் சாதி வேறுபாட்டைக் கண்டித்தது. தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. நாவன்மையாற் பெயர்பெற்ற ஆசிரியர் பலர் அதில் இருந்தனர். கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபர் சுப்பிரமணியத்துக்கு ‘ஒறேற்றர்’ என்பதே பெயரின் முன்னொட்டாகி விட்டது.

அந்த ஆண்டுகளிலேதான் நயினாதீவுக் கதையின் பழைய வழக்கு யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் மீண்டும் எழுந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று கல்விப் பகுதி கட்டளையிட்டபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில் குடாநாட்டிற் கடும் எதிர்ப்புத் தோன்றியது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தரையிலே குந்தியிருக்க வைக்கப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறுவதையே பொறுக்காத சமூகம், அவன் மேடையில் ஏறி எதிர்வாதம் செய்வதை எவ்வாறு பொறுக்கும்? விவாதத்துக்குரிய முதல் தகுதி நாவன்மையன்று. சமமாக அமரும் உரிமையே அது.

1931இன் நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே கூறுதல் தகும். டொனமூர்த் திட்டத்தின்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு குடாநாட்டை வேண்டியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. நோக்கம் உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் யார் பேசினார்கள், யார் இழந்தார்கள் என்று கணக்குப் பார்க்கவேண்டும். மேடையிற் பேசியோர் ஆங்கிலங் கற்ற இளைஞர். தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கிடைத்த வாக்கை மூன்றாண்டு பயன்படுத்த முடியாது போனோருள் ஊர்காவற்றுறைத் தொகுதியின் மீனவரும், தீவுகளின் கமக்காரரும், கூலியாட்களும், பெண்களும் இருந்தனர். அவர்கள் பக்கத்து வாதம் அம்மேடையில் ஒலித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதன்று கேள்வி. மேடை முழுமையாக இல்லாதபோது முடிவும் முழுமையாக இருக்கமுடியாது என்பதே பாடம்.

பின்னர் வந்த மாற்றம் பெரிது. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகள் கிராமங்களை நோக்கிச் சென்றன. வேலணையும் ஒரு மத்திய கல்லூரியைப் பெற்றது. தாய்மொழி போதனாமொழியாயிற்று. ஆங்கிலம் தெரிந்த சிலரின் விளையாட்டாக இருந்த கல்லூரி விவாதம் தமிழில் நிகழத் தொடங்கியது. ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்து புனித அந்தோனியார் கல்லூரியில் இளமைக் கல்வி பெற்ற தனிநாயகம் அடிகள், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும் 1966இல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு கூடவும் முன்னின்றார். தீவகத்துப் பிள்ளைக்கு வழி திறந்தால் அவன் உலகத்துக்கே மேடை அமைப்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஆனால் ஒரு வாசல் திறந்த இடத்தில் இன்னொரு வாசற்படி முளைத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்று இகழ்ந்தனர். கைலாசபதியும் சிவத்தம்பியும் பிறரும் அதற்கு மறுமொழி கூறினர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுச் சிகையலங்கார நிலையத்தில் உழைத்த டொமினிக் ஜீவா, 1960இல் ‘தண்ணீரும் கண்ணீரும்’ நூலுக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது அக்கூற்றுக்குச் செயலில் அமைந்த மறுமொழி. அவருடைய கடையே யாழ்ப்பாணத்தின் விவாத மேடைகளில் ஒன்றாயிருந்தது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ‘மொழிநடைக்கு’ இத்தனை புள்ளி என்று விதி எழுதும்போது, நெடுந்தீவுப் பிள்ளையின் பேச்சோசைக்காகப் புள்ளி குறைக்கப்படுமானால், இழிசனர் வழக்கு என்ற பழைய தீர்ப்பு புள்ளித்தாளில் மறைந்து வாழ்கின்றது என்றே கொள்ளவேண்டும்.

பிற நாடுகளின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கறுப்பின மாணவர் கற்ற வைலி கல்லூரியின் அணி, மெல்வின் டோல்சன் என்ற கவிஞரிடம் பயின்று, 1935இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணியை வாதில் வென்றது. ஆயினும் கல்லூரி விவாதச் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்காதிருந்தமையால், அவர்கள் சம்பியன் பட்டத்துக்கு உரிமை கோர இயலவில்லை. வாதத்தில் வென்றார்கள், தகுதி விதியில் தோற்றார்கள். 1954இல் செஞ்சீனத்தை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டுமா என்பது அந்நாட்டுக் கல்லூரிகளின் விவாதப் பொருளானபோது, இராணுவ, கடற்படைக் கல்லூரிகள் தம் மாணவரைப் பங்குபற்ற விடவில்லை. யார் பேசலாம் என்ற கேள்வியோடு, எதைப் பேசலாம் என்ற கேள்வியும் பிணைந்திருக்கிறது. அதிகாரத்துக்கு உவப்பில்லாத பொருளை விலக்கிவிட்டுக் ‘கல்வியா செல்வமா’ என்று ஆண்டுதோறும் பிள்ளைகளை வாதிடச் செய்வதும் ஒருவகைத் தகுதி நீக்கமே.

இத்தனையும் மனங்கொண்டு இன்றைய தீவகத்தைப் பார்ப்போம். தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி, வலயம், மாகாணம் எனப் படியேறி, அகில இலங்கை மட்டத்தை அடைகின்றன. தீவகத்துக்குத் தனிக் கல்வி வலயம் உண்டு. வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் பாலங்களால் இணைந்தவை. நயினாதீவும் நெடுந்தீவும் அவ்வாறல்ல. குறிகட்டுவான் துறைக்கு வர நெடுந்தீவு மாணவன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் பயணஞ் செய்யவேண்டும். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அப்பயணம் நிச்சயமற்றது. அக்கடல்வழி இரத்தமும் கண்டது. 1985 மே 15இல் குமுதினிப் படகிற் பயணஞ் செய்தோருள் முப்பதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். திரும்பி வராத குடும்பங்கள் அநேகம். அதனாற் பல பாடசாலைகளில் மாணவர் தொகை மிகக் குறைந்தது. ‘காலை எட்டரை மணிக்கு அணிகள் சமுகமளித்தல் வேண்டும், தவறின் நீக்கப்படும்’ என்று நகரத்திலிருந்து ஒரு விதி எழுதினால், அவ்விதி நகரத்துப் பிள்ளைக்கு ஒழுங்கு, நெடுந்தீவுப் பிள்ளைக்கு விலக்கு. ‘ஒரு பாடசாலைக்கு நால்வர்’ என்று எழுதினால், உயர்வகுப்பில் நால்வரே இல்லாத பாடசாலை எழுதப்படாமலே வெளியேற்றப்படுகிறது.

ஆகவே விதி எவ்வாறு அமையவேண்டும்? தகுதி பற்றிய விதி அகலமாகவும் வெளிப்படையாகவும் இருத்தல் வேண்டும். பாடசாலையிற் பதிவுபெற்ற மாணவன் என்பதற்கு அதிபரின் கடிதமே போதிய சான்று. பரீட்சைப் பெறுபேறோ கட்டணமோ கேட்கலாகாது. வயது, வகுப்புப் பிரிவுகள் கண்டிப்பாகப் பேணப்படவேண்டும்; பழைய மாணவரை இரகசியமாகச் சேர்த்துக்கொள்ளும் பாடசாலையைத் தண்டிக்கவேண்டும். மாணவர் தொகை குறைந்த பாடசாலைகள் இரண்டு சேர்ந்து ஓரணியாக நிற்க இடமளிக்கவேண்டும். கடலைக் கடந்து வரும் அணிக்குப் படகின் நேரமே போட்டியின் நேரம். படகு ஓடாத நாளில் அந்த அணி தோற்றதாகக் கருதாது வேறு நாள் குறிக்கவேண்டும். போட்டியைச் சில ஆண்டுகளிலாவது நயினாதீவிலும் நெடுந்தீவிலும் நடத்தினால், நகரத்து ஆசிரியர் அலையின் தன்மையை அறிவர்.

நடத்தை பற்றிய விதி சுருக்கமாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். இரு பக்கத்தாருக்கும் ஒரே நேரம், ஒரே மணியோசை. எந்தப் பக்கத்தில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல் நன்று. ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் வழக்கம் அதனாற் பெரிதுங் குறையும். எதிரியின் கருத்தை அவன் ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்த பின்னரே மறுக்கவேண்டும். இது நமக்குப் புதிய விதியன்று. பிறர் கொள்கையை எடுத்துக்கொண்டு பின் களைதலை நன்னூலார் எழுவகை மதங்களுள் ஒன்றாக வைத்தார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்றே பகுத்தார். பேசுவோரின் சாதி, ஊர், சமயம், குடும்பம், பேச்சோசை ஆகியவற்றைச் சுட்டி எள்ளினால் தலைவர் முதன்முறை எச்சரித்து, மறுமுறை பேச்சை நிறுத்தவேண்டும். சபையோர் கூச்சலிட்டாலும் அவ்வாறே. போட்டியிடும் பாடசாலையைச் சேர்ந்தோர் நடுவராகலாகாது. நடுவர் தம் தீர்ப்புக்குக் காரணங் கூறவேண்டும். காரணங் கூறாத தீர்ப்பு, எழுதாத விதியின் உடன்பிறப்பு.

இவற்றைச் சலுகை என்று சிலர் சொல்லக்கூடும். தரம் தாழ்ந்துவிடும் என்றும் அஞ்சக்கூடும். தரம் என்பது வாதத்தின் தரமாயின், புதிய வாழ்க்கைகள் மேடைக்கு வரவர அது உயருமேயன்றித் தாழாது. குடிநீருக்கும் படகுக்கும் காத்திருந்து வளர்ந்த பிள்ளை அபிவிருத்தியைப் பற்றிப் பேசும்போது, நகரத்துப் பிள்ளை நூலிற் காணாத சான்றைக் கொண்டுவருகிறாள். 1829இல் கிரகணம் கற்பித்த பாடமும் இதுவே; வாதத்துக்கு வேண்டியது பேசுவோரின் குலமன்று, சான்று.

விவாத மேடை நாட்டின் சிறிய மாதிரி. இங்கே யாருக்கு நேரம் கொடுக்கப் பழகுகிறோமோ, நாளைக்குச் சபைகளிலும் சங்கங்களிலும் அவர்களுக்கே நேரம் கொடுப்போம். இங்கே யாரை வாசலில் நிறுத்தப் பழகுகிறோமோ, அவர்களை அங்கும் நிறுத்துவோம். நயினாதீவிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ வரும் மாணவி தன் பெயரோடும் தன் ஊர்ப் பேச்சோடும் மேடையேறவேண்டும். மணிமேகலைக்குத் தேவைப்பட்ட மந்திரம் அவளுக்குத் தேவைப்படலாகாது. அதனை உறுதிப்படுத்தும் விதியை எழுதுவது ஆசிரியர்களின் கடமை. எழுதிய விதியைக் காப்பது மாணவர்களின் கடமை.